குட்டிக் குளம் வெட்டலாம், முதலில் நாற்காலியைப் போடுங்கள்

கொல்லைப்புறத்தில் குளம் என்றதுமே கை மண்வெட்டியைத் தேடும். நானும் அப்படித்தான் தொடங்கினேன். வெட்டி முடித்த பிறகுதான் உறைத்தது: வரும் பறவை, தவளை, தட்டான்களை உட்கார்ந்து பார்க்க நிழலே இல்லை, ஜன்னலிலிருந்து எட்டிப் பார்த்தால் செடி மறைக்கிறது. மூடிவிட்டு வேறு இடத்தில் வெட்டினேன். அந்தக் கஷ்டம் உங்களுக்கு வேண்டாம்.

படி 1: நாற்காலி

ஒரு நாற்காலியைக் கொல்லையில் போட்டு, சில நாள் காலையும் மாலையும் உட்காருங்கள். குளத்துக்கு ஐந்தாறு மணி நேரமாவது வெயில் வேண்டும், உங்களுக்கு நிழல் வேண்டும். முதுகுக்குப் பின்னால் ஒரு புதரோ சுவரோ இருந்தால் பறவைகளுக்கு உங்கள் உருவம் அவ்வளவாகத் தெரியாது. கரையிலிருந்து மூன்று நான்கு மீட்டர் தள்ளி உட்கார்வது நல்லது.

மரத்தடி வேண்டாம். விழும் இலைகள் அழுகித் தண்ணீரிலுள்ள ஆக்ஸிஜனைக் குறைக்கும். மழைநீர் ஓடிவந்து தேங்கும் பள்ளமும் வேண்டாம், தோட்டத்து உரமெல்லாம் அங்கேதான் வந்து சேரும்.

வீட்டில் சின்னக் குழந்தைகள் இருந்தால் சில சென்டிமீட்டர் தண்ணீர்கூட ஆபத்துதான். சுற்றிலும் உறுதியான வேலி போடுங்கள், இல்லையென்றால் அவர்கள் வளரும்வரை பொறுங்கள்.

படி 2: வெட்டுவது

2 மீட்டர் நீளம், 1.5 மீட்டர் அகலம் போதும். நடுவில் 50 சென்டிமீட்டர் ஆழம். பூந்தொட்டிகள் வைக்க ஒரு பக்கம் 20 சென்டிமீட்டர் ஆழத்தில் திட்டு விடுங்கள்.

இன்னொரு பக்கம் கடற்கரைபோலச் சரிவாக இறங்க வேண்டும். இதை மட்டும் விட்டுவிடாதீர்கள். குருவிகள் குளிப்பது இரண்டு மூன்று சென்டிமீட்டர் தண்ணீரில்தான். தலைப்பிரட்டைகள் வெதுவெதுப்புக்கு வந்து மொய்ப்பதும் அந்தச் சரிவில்தான். தவறி விழுந்த அணிலோ ஓணானோ ஏறிப் பிழைப்பதும் அந்த வழியாகத்தான். நான்கு பக்கமும் செங்குத்தாக இருந்தால் அதற்குப் பேர் குளமில்லை, பொறி.

குறுக்கே ஒரு பலகையைப் போட்டு, ரசமட்டம் வைத்து விளிம்பு சமமாக இருக்கிறதா என்று பாருங்கள். மட்டம் தப்பினால் ஒரு பக்கம் வழியும், மறுபக்கம், தண்ணீர் கசியாமலிருக்க அடியில் போடும் விரிப்பு வெளியே தெரியும்.

படி 3: விரிப்பு

கல், வேர்நுனி எல்லாவற்றையும் பொறுக்கிவிட்டு மணலோ பழைய கம்பளியோ பரப்புங்கள். அதன்மேல் குளத்துக்கென்றே விற்கும் கறுப்பு ஷீட். கணக்கு எளிது: நீளத்தோடு ஆழத்தை இரண்டு முறை கூட்டி, கரைக்கு இரண்டு பக்கமும் 30 சென்டிமீட்டர் சேருங்கள். நம் குளத்துக்கு நீளம் 3.6 மீட்டர், அகலம் 3.1 மீட்டர் வரும். தண்ணீர் நிரம்பி ஷீட் படிந்த பிறகுதான் ஓரத்தை வெட்ட வேண்டும்.

படி 4: தண்ணீர்

மழைநீர்தான் முதல்தரம். குழாய்த் தண்ணீர் என்றால் இரண்டு நாள் திறந்த வெளியில் நின்றால் குளோரின் போய்விடும். ஆனால் சில இடங்களில் குளோரினுக்குப் பதிலாகக் குளோரமின் என்ற கிருமிநாசினியைக் கலப்பார்கள். அது அப்படிப் போகாது, அதற்கென்று உள்ள முறிப்பு மருந்தை மீன்தொட்டிக் கடையில் கேட்டு வாங்க வேண்டும்.

முதல் சில வாரம் தண்ணீர் பச்சையாகும். பதறி இறைத்துவிடாதீர்கள். செடிகள் வளர்ந்து சத்தை இழுத்துக்கொண்டால் தானாகத் தெளியும்.

படி 5: செடி

நீருக்குள்ளேயே வளரும் கொடி ஒன்று, அல்லி ஒன்று, தண்ணீருக்கு மேல் நிமிர்ந்து நிற்கும் கோரை ஒன்று. உங்கள் வட்டாரத்தில் இயல்பாக வளர்பவையாக இருக்கட்டும். தொட்டி மண்ணில் உரம் கலக்காதீர்கள். யாராவது ஆகாயத்தாமரையைக் கொடுத்தால் பூவைப் பார்த்து மயங்காமல் மறுத்துவிடுங்கள், இரண்டே வாரத்தில் இரட்டிப்பாகக்கூடிய செடி அது.

படி 6: எதையும் கொண்டுவந்து விடாதீர்கள்

மீன் விடலாமா என்று எல்லோரும் கேட்பார்கள். அழகுக்கென்றால் விடுங்கள். தவளையும் தட்டானும் வேண்டுமென்றால் வேண்டாம், அவற்றின் முட்டைகளையும் குஞ்சுகளையும் மீன்கள் தின்றுவிடும். வேறு குளத்துத் தவளையைப் பிடித்து வருவதும் தப்பு. தவளைகளைக் கொல்லும் தோல் பூஞ்சை தண்ணீர் வழியாகவே பரவும்.

சரி, கொசு? வெப்பமான நாட்களில் முட்டையிலிருந்து பறக்கும் கொசுவாக ஒரு வாரம் பத்து நாள்தான் ஆகும், எனவே ஆரம்பத்தில் தொல்லை இருக்கத்தான் செய்யும். அந்த நாட்களில் நெளியும் புழுக்களை வலையால் அள்ளி வெளியே கொட்டுங்கள். பிறகு மல்லாந்து நீந்தும் பூச்சிகளும் தட்டான் குஞ்சுகளும் வந்து அந்த வேலையை எடுத்துக்கொள்ளும். பூச்சிமருந்து மட்டும் தெளிக்காதீர்கள். தவளை தண்ணீரைத் தோல் வழியாகத்தான் உறிஞ்சுகிறது, மருந்தும் அதே வழியில் உள்ளே போகும்.

படி 7: உட்காருங்கள்

பெரும்பாலும் முதலில் வருபவை பறக்கும் பூச்சிகள். இறக்கையை விரித்தபடியே உட்கார்ந்தால் தட்டான், முதுகின்மேல் மடித்துக்கொண்டால் அநேகமாக ஊசித்தட்டான். ஒரு தட்டான் வால்நுனியால் தண்ணீரைத் தொட்டுத் தொட்டுப் பறக்கிறதா? முட்டையிடுகிறது. குஞ்சு மாதக்கணக்கில், சில வகைகளில் வருடக்கணக்கில், நீருக்கடியிலேயே வேட்டையாடி வளரும். பிறகு ஒரு நாள் கோரைத்தண்டில் ஏறி, தோலை உரித்துவிட்டுப் பறந்துவிடும். அதனால்தான் நிமிர்ந்த செடி வேண்டும் என்றேன். காலையில் தண்டுகளைத் தேடினால் அந்த வெற்றுத்தோல் கிடைக்கும். முதுகுப் பிளவில் வெள்ளை நூல்போலத் தொங்குவது, அது மூச்சுவிட்ட குழாய்களின் உள்தோல்.

இரவில் டார்ச்சின்மேல் சிவப்புக் கண்ணாடித்தாளைச் சுற்றிக்கொண்டு போங்கள், பல உயிர்கள் அந்த வெளிச்சத்தைப் பெரிதாகக் கண்டுகொள்வதில்லை. போனை வீட்டிலேயே வைத்துவிடுங்கள். காலடிச் சத்தம் கேட்டதும் தவளைகள் தொபுக்கென்று குதித்து மறையும். அசையாமல் உட்கார்ந்திருங்கள். பத்துப் பதினைந்து நிமிடத்தில் அல்லி இலை ஓரமாக முதலில் இரண்டு கண்கள் மட்டும் மேலே வரும்.