பரிசு வில்லுக்கு மெருகேற்றும்போது செய்யும் தவறுகள்

மரத்தைச் செதுக்கி வில்லாக்க இரண்டு மாதம் பொறுமையாக உழைத்தவர்கள்கூட, மெருகேற்றும் வேலையை இரண்டே ராத்திரியில் முடிக்கப் பார்ப்பார்கள். பரிசு கொடுக்கும் தேதி நெருங்கிவிடும், அவ்வளவுதான்.

அந்த அவசரத்தில் முதலில் நடப்பது, வளைவு சரியாகும் முன்னே வார்னிஷ் டப்பாவைத் திறப்பது. புது வில் நூறு, இருநூறு அம்பு எய்த பிறகுதான் ஒரு நிலைக்கு வரும். அதற்குள் வில்லின் ஒரு கை (கைப்பிடிக்கு மேலோ கீழோ உள்ள வளையும் பாதி) அதிகமாக வளைவது தெரிந்தால், போட்ட வார்னிஷைச் சுரண்டிவிட்டுத்தான் திருத்த வேண்டும்.

உப்புத்தாள் தேய்ப்பதை வெறும் அழகுவேலை என்று நினைப்பது அதைவிடப் பெரிய தவறு. அங்கேயும் மரம் குறைகிறது. வில்லின் விறைப்பு அதன் கனத்தின் மும்மடிக்கு ஏற்ப மாறும். 10 மில்லிமீட்டர் கனமுள்ள இடத்தில் 0.2 மில்லிமீட்டர் தேய்த்தால் அங்கே விறைப்பு ஏறக்குறைய 6 சதவீதம் போய்விடும். இரண்டு கையிலும் முழுக்க அப்படித் தேய்த்தால், முழுதாக இழுக்க 40 பவுண்டு விசை வேண்டிய வில் 38 பவுண்டுக்கும் கீழே இறங்கிவிடும். ஆகவே முன்கூட்டியே இரண்டு மூன்று பவுண்டு கூடுதலாக விட்டு வையுங்கள். இரண்டு கைகளையும் ஒரே அளவு தேய்ப்பதும் முக்கியம். ஒன்றை மட்டும் பளபளப்பாக்கினால் பாடுபட்டுச் சமன் செய்த வளைவு கோணிப்போகும்.

சொரசொரப்பான 120 நம்பர் உப்புத்தாளிலிருந்து நேரே நைசான 320-க்குத் தாவுபவர்கள் உண்டு. தேய்த்த மரம் கைக்கு வழவழவென்றுதான் இருக்கும். ஆனால் எண்ணெய் பட்டதும் பழைய கீறல்கள் எல்லாம் பளிச்சென்று எழுந்து நிற்கும். விளக்கைப் பக்கவாட்டில் தாழ்வாகப் பிடித்துப் பாருங்கள். கண்ணுக்குத் தப்பியது நிழலில் மாட்டும். எப்போதும் மரத்தின் வரியோடு நீளவாக்கில்தான் தேய்க்க வேண்டும். இலக்கைப் பார்க்கும் முதுகுப் பக்கத்தில் குறுக்குக் கீறல் இருந்தால் முறிவு அங்கிருந்தே தொடங்கலாம். மரம் ஆண்டுக்கு ஒன்றாகப் போடும் வளையங்களில் ஒன்றையே பின்பற்றிச் செய்த முதுகு என்றால், கணு இருக்கும் மேட்டைச் சமன் செய்ய ஆசைப்படாதீர்கள். அந்த மேடு இருந்துவிட்டுப் போகட்டும், அதுவும் அழகுதான். கூரான ஓரங்களை மட்டும் உருட்டிவிடுங்கள். சிலாம்பு கிளம்புவது பெரும்பாலும் அங்கேதான்.

என் கதை ஒன்று. ஒரு வில்லுக்கு முழுக்க ஆளிவிதை எண்ணெய் பூசி, அப்புறம் கைப்பிடிக்குத் தோல் ஒட்டினேன். முதல் நாள் கச்சிதமாக இருந்தது. வாங்கியவர் நாலு அம்பு விடுவதற்குள் தோல் கையோடு சுழன்று வந்துவிட்டது! எண்ணெயோ மெழுகோ ஊறிய மரத்தில் பசை சரியாகப் பிடிக்காது. கைப்பிடியை நாடாவால் மூடிவிட்டுப் பூசுங்கள், அல்லது தோலை முதலில் ஒட்டுங்கள்.

எண்ணெயைத் தாராளமாக ஊற்றினால் மேல்புறம் பிசுபிசுத்தே கிடக்கும். மெல்லிசாகப் பூசி, கால் மணி நேரம் கழித்து மிச்சத்தைத் துடைத்துவிட்டு, நன்றாகக் காய்ந்ததும் அடுத்த பூச்சு. துடைத்த துணியைச் சுருட்டிக் குப்பையில் போடாதீர்கள். ஆளிவிதை எண்ணெய் காயும்போது சூடு கிளம்பும்; சுருட்டிய துணி தானாகவே தீப்பிடிக்கும். விரித்துக் காயப் போடுங்கள், இல்லை தண்ணீரில் முக்கி வையுங்கள். வார்னிஷும் கனமாக வேண்டாம், வளையும் இடத்தில் விரிசல் விடும்.

நாண் மாட்டும் வெட்டுகளைப் பலர் மறந்தே போவார்கள். அதற்குள் தேங்கிக் காய்ந்த வார்னிஷ் கட்டி நாணை அறுக்கும். வட்ட அரம், பிறகு சுருட்டிய உப்புத்தாள், சரியாகிவிடும்.

பெறுபவர் பெயரைப் பொறிக்க நினைத்தால் கைப்பிடிப் பகுதியோடு நிறுத்துங்கள். வளையும் இடத்தில், அதிலும் முதுகில், சுட்டோ வெட்டியோ எழுதுவது வில்லுக்கு நாமே வைக்கும் வெடிப்பு.

அவர் எவ்வளவு தூரம் இழுப்பார் என்று கேட்காமலே கொடுப்பதும் சகஜம். 26 அங்குலத்துக்குச் செய்த வில்லை நீளமான கைக்காரர் 29 வரை இழுத்தால் உடையலாம். "40 பவுண்டு, 28 அங்குலம்" என்று கைப்பிடி அருகே எழுதி, அதன் மேல் கடைசிப் பூச்சைக் கொடுங்கள். நாணைக் கழற்றிய நிலையில், மாற்று நாண் ஒன்றோடு கொடுத்தால் நல்லது. கூடவே ஒரு துண்டுச் சீட்டும் வையுங்கள்: அம்பு வைக்காமல் இழுத்து விடாதே. பரிசைப் பிரித்த கையோடு எல்லோரும் செய்வது அதைத்தான்.