லிக்ஸில் வினாத்தாள் அடிப்பவர்கள் கவனத்துக்கு

லிக்ஸ் என்பது சூத்திரங்கள் நிறைந்த ஆவணங்களைக் கணினியில் அடிக்க உதவும் மென்பொருள். போன வாரம் பாலக்கோட்டிலிருந்து ஒரு புதுக் கணக்கு வாத்தியார் பென் டிரைவோடு தருமபுரிக்கு வந்தார். "சார், லிக்ஸ்ல எல்லாம் சரியா இருக்கு, பிடிஎஃப்ல தலைப்பை மட்டும் காணோம்" என்றார். திறந்து பார்த்தால், பல வருடம் முன்பு நான் செய்த அதே கோளாறு. அதனால் புதிதாக வருபவர்கள் தடுமாறும் இடங்களை இங்கே எழுதுகிறேன். சேவ் செய்ய மறப்பது மாதிரியானவற்றை விட்டுவிடுகிறேன். அவை தானாகவே பழகிவிடும்.

ஸ்பேஸ் பார்

சமன்பாட்டுக்குள் ஸ்பேஸ் என்பது இடைவெளி அல்ல, வெளியே வரும் வாசல். எக்ஸுக்கு மேலே 2 போட்டுவிட்டு ஸ்பேஸ் தட்டாமல் +1 அடித்தால் அதுவும் அடுக்கில் ஏறி உட்கார்ந்துகொள்ளும். வேர்டில் பழகிய கைக்கு இது வர ஒரு வாரமாவது ஆகும்.

திரையை நம்பி அச்சுக்கு அனுப்புவது

இதை நினைத்தால் இன்னும் எரிச்சல் வருகிறது. 1995-இல் மத்தியாஸ் எட்ரிக் தொடங்கிய லிக்ஸ், நாம் எதைத் தலைப்பு என்கிறோம், எதைச் சூத்திரம் என்கிறோம் என்பதைத்தான் திரையில் காட்டும். தாளை அமைப்பது பின்னால் ஓடும் லேடெக் என்ற அச்சுக்கோப்பு மென்பொருள். இரண்டுக்கும் எழுத்துரு வேறு வேறு.

பத்தாம் வகுப்பு மாதிரித் தேர்வுக்கு லேடெக்கின் ஆவண வகைகளில் ஒன்றான கோமாவில் வினாத்தாள் செய்தேன். தமிழுக்காக, கணினியின் தமிழ் எழுத்துருக்களை நேரடியாகப் பயன்படுத்தும் லேடெக் வகையான ஸீடெக். ப்ரியாம்பிளில் (ஆவணத்தின் தொடக்க அமைப்புகளை எழுதும் இடம்) மெயின் ஃபான்டுக்கு, அதாவது உடல் பகுதியின் எழுத்துருவுக்கு மட்டும் தமிழ் எழுத்துரு கொடுத்தேன். கோமாவில் தலைப்புகள் சான்ஸ் (முனைகளில் கொக்கி இல்லாத) எழுத்துருவில் வரும். அதை நான் தொடவே இல்லை. அந்த எழுத்துருவில் தமிழே கிடையாது. ஸீடெக் அதற்காகப் பிழை என்று நிற்காது. இல்லாத எழுத்தைச் சத்தமில்லாமல் விட்டுவிட்டு பிடிஎஃபை முடித்துக் கொடுத்துவிடும்.

வினாக்களை மூன்று முறை சரிபார்த்த நான் தலைப்புகளைப் பார்க்கவில்லை. 240 பிரதி ஓடிவிட்டது. "எவையேனும் 10 வினாக்களுக்கு விடையளி. வினா எண் 28 கட்டாயம்" என்று பகுதித் தலைப்பில் இருக்க வேண்டிய இடத்தில் "10 . 28" என்று மட்டும் நின்றது. பிள்ளைகள் பாவம், இரண்டு மதிப்பெண் வினாக்கள் பதினான்கையும் எழுதினார்கள். ஒரு பையன் மட்டும் எழுந்து, "சார், பத்து புள்ளி இருபத்தெட்டை என்ன செய்யணும்?" என்று கேட்டான்.

சான்ஸ் ஃபான்டுக்கும் அதே தமிழ் எழுத்துருவை, ஸ்கிரிப்ட் தமிழ் என்ற குறிப்போடு ஒரு வரியில் கொடுத்தால் தீர்ந்தது. அப்புறம், டாக்குமென்ட் மெனுவில் லேடெக் லாக், அதாவது லேடெக் ஓடியபோது எழுதிவைத்த குறிப்பு இருக்கிறது. அச்சுக்கு முன் அதில் 'மிஸ்ஸிங் கேரக்டர்' என்று தேடுங்கள். ஒரு வரி வந்தாலும் ஜெராக்ஸ் கடைப் பக்கம் போகாதீர்கள்.

சமன்பாட்டு எண்

கையால் போடாதீர்கள். சமன்பாட்டுக்கு லேபிள் என்ற அடையாளப் பெயர் வையுங்கள், எண்ணை லிக்ஸே பார்த்துக்கொள்ளும்.

புதுப் பேக்கேஜ் போட்ட பிறகு

பேக்கேஜ் என்பது லேடெக்குக்குக் கூடுதல் வசதி தரும் துணைத் தொகுப்பு. அதைப் போட்டதும் டூல்ஸ் மெனுவில் ரீகன்ஃபிகர் கொடுங்கள். பிறகு லிக்ஸை மூடித் திறக்கவும்.

பதிப்பு

புது லிக்ஸில் சேவ் செய்த கோப்பைப் பழைய லிக்ஸ் திறக்காது. பழைய பதிப்பின் வடிவத்தில் எக்ஸ்போர்ட் செய்து கொடுக்க வேண்டும். இவ்வளவு தெரிந்த நான், பாலக்கோட்டு வாத்தியாரின் கோப்பைச் சரிசெய்து அப்படியே சேவ் செய்து அனுப்பிவிட்டேன். மறுநாள் காலை முதல் பீரியடுக்கு முன்பே போன் வந்தது: "சார், இப்ப ஃபைலே திறக்கலை."