புள்ளி மறைந்ததும் மருந்தை நிறுத்தாதீர்கள்

ஐப்பசி மழை பிடித்துத் தொட்டித் தண்ணீர் குளிர ஆரம்பித்தால் மீன் வளர்ப்பவர்களுக்கு வெள்ளைப்புள்ளி நோய் பயம் வந்துவிடும். என் ஆறடித் தொட்டியில் அதை முதலில் காட்டியது கிளௌன் லோச் என்ற பட்டை போட்ட மீன். இரண்டு நாளாகக் கூழாங்கல்லில் விலாவைத் தேய்த்துத் தேய்த்து ஓடியது. மூன்றாம் நாள் பக்கவாட்டில் டார்ச் அடித்துப் பார்த்தேன். கறுப்புப் பட்டையின் மேல் ரவை தூவினாற்போல் ஏழெட்டுப் புள்ளிகள்.

மருந்து ஊற்றினேன். நான்காம் நாள் ஒரு புள்ளி இல்லை. குணமாகிவிட்டது என்று நிறுத்தினேன். அடுத்த வாரம் ஏஞ்சல், டெட்ரா, மோலி என்று மற்ற மீன்கள் எல்லாவற்றின் மேலும் ரவை. ஆறு லோச்சில் நான்கு செத்தன. இன்னும் மனசு ஆறவில்லை, அதனால்தான் எழுதுகிறேன்.

நாம் பார்க்கும் புள்ளி, மீனின் தோலுக்கு அடியில் உட்கார்ந்து தின்றுகொண்டிருக்கும் ஒட்டுண்ணி. அங்கே அதை மருந்து தொடாது. வளர்ந்ததும் தானாகவே கழன்று விழுந்து, மணலிலோ கல்லிலோ செடியிலோ ஒட்டி, மேலே கூடு கட்டிக்கொள்ளும். கூட்டுக்குள்ளும் மருந்து போகாது. உள்ளே அது பிரிந்து பிரிந்து நூற்றுக்கணக்கான குஞ்சுகளாகும், ஆயிரம்வரைகூடப் போகும். கூடு வெடித்து அவை மீனைத் தேடி நீந்தும் அந்த ஓரிரு நாள்தான் மருந்துக்குச் சிக்கும். ஆக, புள்ளி மறைந்த நாளில் நோய் தரைக்கு இறங்கியிருக்கிறது, அவ்வளவுதான். கடைசிப் புள்ளி மறைந்த பிறகும் பத்து நாளாவது மருந்து தொடர வேண்டும். 25 டிகிரிக்குக் கீழே தண்ணீர் குளிர்ந்திருந்தால் இந்தச் சுற்றே மெதுவாக நடக்கும், அப்போது இன்னும் கூடுதல் நாள்.

நோய்ப்பட்ட மீனை மட்டும் பிடித்துத் தனித்தொட்டியில் விடுவதும் இதனால்தான் பலிக்காது. கூடுகள் பெரிய தொட்டியின் தரையில் இருக்கின்றன. புள்ளியே தெரியாத மீனின் செவுளிலும் ஒட்டுண்ணி இருக்கலாம். தொட்டி முழுவதற்கும் வைத்தியம் செய்ய வேண்டும். ஒருநாள் விட்டு ஒருநாள் தரையைக் குழாய் வைத்து உறிஞ்சி எடுங்கள், மருந்தில்லாமலே கூடுகள் வெளியேறும். எடுத்த தண்ணீருக்குப் பதிலாக ஊற்றும் தண்ணீருக்கு மட்டும் மருந்து சேர்த்தால் போதும்.

பெரிய தொட்டியில் அளவுக் கணக்குதான் ஆளைக் கவிழ்க்கும். 6 x 2 x 2 அடி என்றால் 24 கன அடி, கன அடிக்கு 28.3 லிட்டர் வீதம் சுமார் 680 லிட்டர். மேலே 2 அங்குலம் காலி விட்டு, மணல், கல், மரக்கட்டை இடத்தைக் கழித்தால் என் தொட்டியில் நிஜமாக நிற்பது 560 லிட்டர்தான். 680க்கு ஊற்றினால் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் அதிகம். மலக்கைட் கிரீன் போன்ற மருந்தில் அந்த அதிகமே லோச், டெட்ரா இரண்டையும் கொன்றுவிடும். சம்ப், அதாவது தொட்டியோடு இணைந்த தனி ஃபில்டர் தொட்டி, வைத்திருப்பவர்கள் அந்தத் தண்ணீரையும் கூட்டிக்கொள்ளுங்கள். ஃபில்டரில் கரி இருந்தால் முதலில் எடுத்துவிடுங்கள், ஊற்றிய மருந்தை அது குடித்துவிடும்.

கல் உப்புக்கும் இந்த நோய் கேட்கும். லிட்டருக்கு 2 கிராம் என்றால் 560 லிட்டருக்கு 1,120 கிராம். ஒரேயடியாகக் கொட்டாமல், கரைத்து, ஒரு நாளில் மூன்று நான்கு தடவையாக விடுங்கள். செடிகள் சில வாடும். தரையில் மேயும் கோரி மீனும் லோச்சும் இருந்தால் பாதி அளவில் ஆரம்பிப்பது நல்லது.

ஒட்டுண்ணியின் சுற்று வேகமாக முடியட்டும் என்று ஹீட்டரை 30 டிகிரிக்கு ஏற்றுபவர்கள் மறந்துபோவது காற்று. 25 டிகிரியில் தண்ணீர் லிட்டருக்கு 8.3 மில்லிகிராம் ஆக்ஸிஜன் பிடிக்கும், 30 டிகிரியில் 7.5தான். செவுள் ஏற்கெனவே புண்பட்ட மீனுக்கு அந்தக் குறைவே மூச்சு முட்ட வைக்கும். காற்றுக்குமிழ் விடும் ஏர்ஸ்டோன் இன்னொன்று போட்ட பிறகே சூட்டை ஏற்றுங்கள், அதுவும் நாளுக்கு ஒன்றிரண்டு டிகிரி.

இறாலும் நத்தையும் உள்ள தொட்டியில் செம்பு கலந்த மருந்து வேண்டவே வேண்டாம். மீன்கள் அத்தனையையும் வேறு தொட்டிக்கு மாற்றி அங்கே மருந்து கொடுக்கலாம். மீனில்லாத தொட்டியை வெதுவெதுப்பாக வைத்து மூன்று நான்கு வாரம் காத்திருந்தால், ஒட்ட உடம்பு கிடைக்காமல் ஒட்டுண்ணி தானே செத்துவிடும்.

என் தொட்டிக்கு நோய் வந்தது கடையிலிருந்து வாங்கி அன்றைக்கே விட்ட நான்கு டெட்ராவோடு. இப்போது மொட்டை மாடிப் படியருகே ஒரு இரண்டடித் தொட்டி இருக்கிறது. புது மீன் எதுவானாலும் அதில் நான்கு வாரம் இருந்த பிறகுதான் கீழே வருகிறது.