சிவப்புப் புள்ளியை யார் பார்ப்பார்? புற்றுநோயாளிகளின் மனநலச் செயலிகளில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

அண்மையில் ஓர் இளங்குழுவினர் தாங்கள் உருவாக்கிய செயலியைக் காட்டிக் கருத்துக் கேட்டார்கள். புற்றுநோய்க்குச் சிகிச்சை பெறுபவர் நாள்தோறும் தம் மனநிலையைக் குறித்து வைக்கவும், மூச்சுப் பயிற்சி செய்யவும், வாரம் ஒருமுறை கேள்வித்தாளை நிரப்பவும் அதில் வசதி இருந்தது. திரையை நகர்த்த நகர்த்த, பல ஆண்டுகளுக்கு முன் நாங்கள் செய்த பிழைகள் ஏறக்குறைய அதே வரிசையில் வந்து நின்றதைக் கண்டு, சிரிப்பதா சினப்பதா என்று எனக்குத் தெரியவில்லை. எழுத்தின் அளவு, நீளமான கடவுச்சொல், புரியாத மொழிபெயர்ப்பு ஆகியவற்றை எவரும் முதல் வாரத்திலேயே கண்டுகொள்வர் என்பதால் அவற்றை விட்டுவிடுகிறேன். புற்றுநோய்ப் பிரிவில் உளவியல் ஆலோசகராக இருந்துகொண்டு இத்தகைய கருவிகளை நடத்தியதில், அடிபட்ட பிறகே எனக்குப் புரிந்தவற்றை மட்டும் எழுதுகிறேன்.

## மதிப்பெண்ணை அப்படியே நம்புவது

மனச்சோர்வை அளக்கப் பெரும்பாலான செயலிகள் பிஎச்கியூ-9 என்னும் கேள்வித்தாளையே எடுத்துக்கொள்கின்றன. ஒன்பது கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை மதிப்பெண், மொத்தம் 27. பத்தும் அதற்கு மேலும் வந்தால் கவனிக்க வேண்டும் என்பது வழக்கம். அந்த ஒன்பதில் தூக்கம், களைப்பு, பசி, மனத்தை ஒருமுகப்படுத்துவதில் சிரமம் ஆகிய நான்கும் கீமோவே கொண்டுவரக்கூடியவை. நான்கிலும் மூன்று மூன்றாக வாங்கினால், துளியும் மனச்சோர்வு இல்லாத ஒருவர்கூட 12 மதிப்பெண்ணைத் தொட்டுவிடுவார். வாந்தியைத் தடுக்கக் கொடுக்கும் டெக்ஸாமெத்தசோன் போன்ற ஸ்டெராய்டு இரண்டு மூன்று இரவுகள் தூக்கத்தைக் கெடுக்கும். அதை நிறுத்தியதும் சிலருக்கு மனம் சட்டென்று தளர்ந்துபோகும். ஆகவே கீமோவுக்குப் பின் இத்தனையாவது நாள் என்று ஒன்றை முடிவுசெய்து, ஒவ்வொரு சுற்றிலும் அந்த நாளிலேயே கேளுங்கள். எதிலும் நாட்டமின்மை, மனத்தளர்ச்சி ஆகியவற்றைக் கேட்கும் முதல் இரண்டு கேள்விகளின் மதிப்பெண்ணைத் தனியாகவும் பாருங்கள். உடல் அறிகுறிகளை வேண்டுமென்றே ஒதுக்கிவிட்டு 1983-இல் உருவாக்கப்பட்ட, மனப்பதற்றத்தையும் மனச்சோர்வையும் அளக்கும் ஹெச்ஏடிஎஸ் என்னும் கேள்வித்தாளும் இருக்கிறது.

இதற்கு நேர்மாறான பிழையும் உண்டு. பேச்சுக் குறைந்து, மந்தமாகி, சுவரைப் பார்த்துப் படுத்திருப்பவரைச் செயலி 'மனச்சோர்வு' என்று எளிதாக வகைப்படுத்திவிடும். அது மருந்தாலோ கிருமித் தொற்றாலோ வந்த மனக்குழப்ப நிலையாக இருக்கலாம்; நோயெதிர்ப்பாற்றலைத் தூண்டும் இம்யூனோதெரபி சிகிச்சையால் தைராய்டு சுரப்பு குறைந்ததாலும் இருக்கலாம். அவரை மருத்துவர்தான் பார்க்க வேண்டும். அவருக்கு மூச்சுப் பயிற்சிக் காணொளியை அனுப்புவதில் பயனில்லை.

## கேட்டுவிட்டு, பதிலைப் படிக்க ஆளில்லாமல் விடுவது

இன்றும் எனக்கு எரிச்சலூட்டுவது இதுதான் என்பதால் சற்று விரித்தே எழுதுகிறேன்.

வாரக் கேள்வித்தாளான பிஎச்கியூ-9-ஐ முதன்முதலில் கைபேசிக்கு மாற்றியபோது, அதை அனுப்பும் நேரத்தை வெள்ளிக்கிழமை மாலை ஆறு மணி என்று வைத்தோம். வார இறுதியில் ஓய்விருக்கும், பதில்கள் கூடும் என்பது எங்கள் கணக்கு. கூடவும் செய்தன. அப்படி ஒரு வெள்ளிக்கிழமை இரவு, மூன்றாம் சுற்றுக் கீமோ முடித்திருந்த ஒரு பெண்மணி ஒன்பதாவது கேள்விக்கு 'ஏறக்குறைய ஒவ்வொரு நாளும்' என்று குறித்தார். செத்துவிட்டால் நல்லது என்றோ, தம்மைத் தாமே வருத்திக்கொள்ள வேண்டும் என்றோ கடந்த இரண்டு வாரங்களில் எண்ணம் வந்ததா என்று கேட்கும் கேள்வி அது. பதில்களை நாங்கள் பார்க்கும் கணினிப் பக்கமான டாஷ்போர்டில் அவர் பெயருக்கு எதிரே ஒரு சிவப்புப் புள்ளி தோன்றியது. அவருடைய திரையிலோ 'நன்றி! உங்கள் பதில் பதிவாகிவிட்டது' என்ற வரியும், அதன் கீழே ஒரு சிரித்த முகமும் தோன்றின. திங்கட்கிழமை காலை ஒன்பதரைக்கு நான் கணினியைத் திறக்கும்வரை அந்தப் புள்ளியை எவரும் பார்க்கவில்லை.

நல்லவேளையாக, அழைத்ததும் அவர் எடுத்தார். "வெள்ளிக்கிழமையே உங்களிடம் சொல்லிவிட்டேனே. சனிக்கிழமை முழுக்கப் போனைப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்" என்றார். எங்களுக்கு அது நிரப்பிய படிவம். அவருக்கு அது ஒரு மனிதரிடம் வாய்விட்டுச் சொன்ன சொல். அந்த இரண்டு நாள் மௌனத்தையே எங்கள் பதிலாக அவர் எடுத்துக்கொண்டார்.

சிரித்த முகத்தின் நிறத்தைப் பற்றி நாங்கள் இரண்டு கூட்டங்கள் நடத்தியிருந்தோம். பதிலை யார் படிப்பது என்பதற்குத் திட்ட ஆவணத்தில் இருந்தது 'குழு கண்காணிக்கும்' என்ற ஒரே வரி. குழு என்று எழுதியிருந்தால் ஒருவரும் இல்லை என்றே அன்று முதல் நான் படித்துக்கொள்கிறேன். அண்மையில் வந்த இளங்குழுவினரிடம் இதையே கேட்டபோது, எச்சரிக்கை மின்னஞ்சல் தானாகவே போய்விடும் என்றார்கள். யாருக்கு என்றேன். பொது முகவரிக்கு என்றார்கள். இரவு பதினொரு மணிக்கு அதை யார் திறப்பார் என்று கேட்டதற்கு ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

இத்துறையில் எல்லோரும் மேற்கோள் காட்டும் ஆய்வு, அமெரிக்கப் புற்றுநோய் மருத்துவர் ஈத்தன் பாஷ் குழுவினர் 2017-இல் வெளியிட்டது. புற்று பரவிய நிலையில் கீமோ பெற்ற 766 பேரில், தம் அறிகுறிகளை இணையம் வழியே தெரிவித்து வந்தவர்களின் இடைநிலை ஆயுள் (பாதிப் பேர் தாண்டிய காலம்) 31.2 மாதங்களாகவும், வழக்கமான கவனிப்பில் இருந்தவர்களின் இடைநிலை ஆயுள் 26 மாதங்களாகவும் இருந்தது. செயலி ஐந்து மாத ஆயுளைக் கூட்டியது என்று பலர் இதை மேடையில் காட்டுகிறார்கள். அறிகுறி கடுமையானபோதும் மோசமானபோதும் செவிலியருக்கு எச்சரிக்கை சென்றது என்பதையும், அந்த எச்சரிக்கைகளில் 77 சதவீதத்துக்குச் செவிலியர் ஏதேனும் ஒரு நடவடிக்கை எடுத்தார்கள் என்பதையும் அதே அழுத்தத்தோடு எவரும் சொல்வதில்லை.

எனவே முதல் கேள்வியை அனுப்புவதற்கு முன்பே ஒரு தாளில் எழுதி வையுங்கள்: பதிலைப் படிப்பவரின் பெயர், அவர் விடுப்பில் போனால் அடுத்தவரின் பெயர், எத்தனை மணி நேரத்துக்குள் அழைப்பார், இரவிலும் விடுமுறையிலும் என்ன செய்வது. அடுத்து, எச்சரிக்கைகளைத் தரம் பிரியுங்கள். நோயாளி தம் மன உளைச்சலைத் தாமே குறிக்கும் டிஸ்ட்ரெஸ் தெர்மாமீட்டரில் 0 முதல் 10 வரையான அளவில் 4-ஐத் தொட்டாலே மேலும் விசாரிக்க வேண்டும் என்பது பரிந்துரை. அதற்கெல்லாம் மணியடிக்க வைத்தால் மூன்றாவது வாரத்தில் மணியை அணைத்துவிடுவார்கள்; எங்கள் செவிலியர்கள் அணைத்தார்கள், அவர்களைக் குறைசொல்ல எனக்கு மனமில்லை. ஒன்பதாவது கேள்விக்கு பூஜ்யம் தவிர வேறு எது வந்தாலும் அன்றே தொலைபேசி அழைப்பு, மற்றவை அடுத்த வேலை நாளின் பட்டியலில் என்று பிரித்த பிறகே நிலைமை சீரானது.

இரவில் படிக்க ஆளில்லையென்றால் அதைக் கேள்விக்கு முன்பே திரையில் சொல்லிவிட்டு, உடனே பேசக்கூடிய உதவி எண்ணையும் காட்டுங்கள். எந்த ஏற்பாட்டுக்கும் வழியில்லாதவர்கள் ஒன்பதாவது கேள்வி இல்லாத பிஎச்கியூ-8-ஐப் பயன்படுத்தலாம். ஆனால் அந்தக் கேள்வியை யாரேனும் நேரில் கேட்டே ஆக வேண்டும். மாதம் ஒருமுறை எங்களில் ஒருவர் பொய்ப் பெயரில் சனிக்கிழமை இரவு பதிலளித்துவிட்டு, எப்போது அழைப்பு வருகிறது என்று காத்திருப்போம். முதல் முறை ஞாயிறு கழிந்தும் அழைப்பு வரவில்லை.

## விரலை மறப்பது

கேப்சிடபைன் என்னும் கீமோ மாத்திரை எடுத்துக்கொள்பவர்களில் சிலருக்கு உள்ளங்கைத் தோல் உரிந்து கைரேகை மங்கிவிடும். கைரேகையால் மட்டுமே திறக்கும் செயலி அவர்களை வாசலிலேயே நிறுத்திவிடும். பாக்லிடாக்செல், ஆக்ஸாலிபிளாட்டின் போன்ற கீமோ மருந்துகள் விரல் நுனியை மரத்துப்போகச் செய்யும். ஒருவர் விரலால் இழுத்துக் குறிக்கும் மனநிலைக் கோட்டில் 3-ஐக் குறிக்க முயன்று, விரல் நழுவி 8-இல் நின்று, நான்காம் முறை கைபேசியைக் கவிழ்த்து வைத்ததை நான் பக்கத்தில் இருந்து பார்த்தேன். இழுக்கும் கோட்டுக்குப் பதிலாக ஐந்து பெரிய பொத்தான்கள் போதும்.

## தொடர்நாள் கணக்கு

செயலியை இடைவிடாமல் எத்தனை நாள் திறந்தார் என்று எண்ணிக் காட்டுவது வேண்டாம். வெள்ளணுக்கள் குறைந்து, காய்ச்சலோடு மருத்துவமனையில் கிடப்பவருக்கு 'நான்கு நாள்களாக உங்களைக் காணவில்லையே!' என்ற அறிவிப்பு போகும்.

## நல்லதை மட்டும் எழுதச் சொல்வது

இன்று நடந்த நல்லவற்றை மட்டும் எழுதச் சொல்லும் பக்கம் செயலியில் இருந்தால், ஸ்கேன் முடிவுக்குக் காத்திருக்கும் வாரத்தில் அதை அணைத்து வையுங்கள்.

## கைபேசி யாருடையது என்று கேட்காமலிருப்பது

ஒரு நோயாளியின் மதிப்பெண் ஆறு வாரங்களாக 2-ஐத் தாண்டவே இல்லை. நேரில் பார்த்தபோது அவர் பேசவே மறுத்தார். பதில்களைக் குறித்தது அவருடைய மகன், கைபேசி மகனுடையது. "அப்பா தைரியமாகத்தான் இருக்கிறார்" என்று மகன் நம்பினார், நம்ப விரும்பினார். கவனித்துக்கொள்பவர் நிரப்பினால் அதைக் குறிக்க ஒரு பெட்டியை வையுங்கள்; அவருக்கென்று தனியாகச் சில கேள்விகளும் வேண்டும், ஏனெனில் அந்த மகனும் தூங்கியிருக்கவில்லை. பூட்டிய திரையில் தெரியும் அறிவிப்பில் நோயின் பெயர் வரவே கூடாது.

## விளம்பர நிரலை உள்ளே விடுவது

இணையவழி மனநல ஆலோசனை நிறுவனமான பெட்டர்ஹெல்ப், பயனர்களின் தகவலை விளம்பரத்துக்காக முகநூல் உள்ளிட்ட நிறுவனங்களோடு பகிர்ந்தது என்று அமெரிக்காவின் நுகர்வோர் பாதுகாப்பு அமைப்பான ஃபெடரல் டிரேட் கமிஷன் 2023-இல் குற்றஞ்சாட்டியது. அந்நிறுவனம் 78 லட்சம் டாலர் செலுத்த உடன்பட்டது. இலவசமாகக் கிடைக்கும் நிரல்துண்டை ஒட்டும் முன் அது பயனரின் தகவலை எங்கே அனுப்புகிறது என்று பாருங்கள்.

## பட்டியலிலிருந்து எண்ணை நீக்க மறப்பது

இறந்து ஒன்பது நாள் ஆனவரின் கைபேசிக்கு 'இன்று எப்படி உணர்கிறீர்கள்?' என்று எங்கள் செயலி கேட்டது. அந்தக் கைபேசி அப்போது அவருடைய மனைவியின் கையில் இருந்தது. இறப்புப் பதிவாகும் அதே இடத்தில் செய்திகளும் தானாக நிற்கும்படி இப்போது இணைத்திருக்கிறோம். வேறு மருத்துவமனையிலோ வீட்டிலோ இறந்தவர்களின் செய்தி எங்களுக்கு எட்டாது என்பதால், மூன்று கேள்விகளுக்குத் தொடர்ந்து பதில் வராத எண்ணுக்கு நான்காவதை அனுப்பாமல் ஒருவர் அழைத்துப் பேசுகிறார்.