போன் சர்வரைப் புது வெர்ஷனுக்கு மாற்றும்போது எங்கே சறுக்குகிறோம்

சென்னை, தம்புச் செட்டித் தெருவில், துறைமுகச் சரக்கை விடுவித்துத் தரும் ஒரு கிளியரிங் அலுவலகம். மரப்படி ஏறிப் போகும் இரண்டாம் மாடி. ஞாயிற்றுக்கிழமை முழுக்க அங்கே உட்கார்ந்து, அழைப்புகளை மேசை மேசையாகப் பிரித்து அனுப்பும் போன் சர்வரைப் புது வெர்ஷனுக்கு மாற்றிவிட்டு, ராத்திரி பதினோரு மணிக்கு வீட்டுக்குப் போனேன். திங்கள் காலை பத்தே காலுக்கு முதலாளி தன் மொபைலிலிருந்து கூப்பிட்டார். "தம்பி, நம்ம ஆபீஸ் நம்பருக்கு நீயே ஒரு தடவ அடிச்சுப் பாரேன்." அடித்தேன். "அலுவலக நேரம் முடிந்துவிட்டது, நாளை தொடர்பு கொள்ளவும்" என்று, நானே ஏற்றி வைத்த குரல் எனக்கே சொன்னது.

புது மிஷினின் கடிகாரம் கிரீன்விச் நேரத்தில் ஓடிக்கொண்டிருந்தது. அலுவலக நேரம் 9.30 முதல் 6.30 வரை என்ற விதி பழைய சர்வரிலிருந்து ஒழுங்காகத்தான் வந்திருந்தது. ஆனால் அந்த மிஷினுக்குக் காலை 9.30 என்றால் நமக்குப் பிற்பகல் 3 மணி. அப்படியே விட்டிருந்தால் 3 மணிக்குக் கடை திறந்து நள்ளிரவு 12 வரை வியாபாரம் பார்த்திருக்கும். ஒவ்வொரு மேசையிலும் இருந்த போன் சரியான நேரத்தைத்தான் காட்டியது, ஏனென்றால் அதற்கு நேரம் சொல்வது வேறு இடம். அதனால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. நேர மண்டலத்தை ஆசியா/கொல்கத்தா என்று மாற்ற இரண்டு நிமிடம் ஆனது. அதற்குள் துறைமுகத்திலிருந்தும் கண்டெய்னர் யார்டிலிருந்தும் எத்தனை பேர் அடித்துவிட்டு வேறு ஏஜெண்டிடம் போனார்களோ, கணக்கில்லை.

பாரிமுனை, மண்ணடி, ராயபுரம், தண்டையார்பேட்டை என்று பத்து வருடத்துக்கும் மேலாக இந்த வேலைதான் செய்கிறேன். கீழே சொல்லும் தவறுகளில் பாதி நான் செய்தவை. மீதி, மற்றவர்கள் செய்துவிட்டு என்னைக் கூப்பிட்டவை.

இந்தப் பக்கத்து அலுவலகங்களில் நான் அதிகம் பார்ப்பது ஆஸ்டரிஸ்க் என்ற போன் மென்பொருளின் மேல் ஓடும், அதை நிர்வகிக்கும் ஃப்ரீபிபிஎக்ஸ். காசு கொடுத்து வாங்க வேண்டியதில்லை, பழைய கம்ப்யூட்டரிலும் ஓடும், ஆறு ஏழு வருடம் யாரும் தொடாமலே நிற்கும். சிக்கலும் அங்கேதான். ஃப்ரீபிபிஎக்ஸின் 14 முதல் 16 வரையிலான வெர்ஷன்களைத் தாங்கி நின்றது சென்ட்ஓஎஸ் 7 வழி வந்த இயங்குதளம். 2024 ஜூன் 30-ஓடு சென்ட்ஓஎஸ் 7-க்கான பாதுகாப்புத் திருத்தங்கள் நின்றுவிட்டன. 17 வந்தபோது அடித்தளமே டெபியன் 12 ஆகிவிட்டது. ஆக, 'அப்டேட்' பொத்தானை அழுத்திவிட்டு டீ குடிக்கப் போகிற வேலை இல்லை இது. வெள்ளை அடிப்பது வேறு, வீடு மாறுவது வேறு. புது மிஷினில் புதிதாக நிறுவி, பழையதன் பேக்கப்பை அதில் மீட்க வேண்டும். ஓடிக்கொண்டிருக்கும் மிஷினிலேயே இயங்குதளத்தை மாற்றப் பார்த்து நடுவில் நின்ற கேஸ்கள் என்னிடம் வந்திருக்கின்றன. அங்கெல்லாம் பழையதும் இல்லை, புதியதும் இல்லை.

சரி, பேக்கப் எடுத்து மீட்டாயிற்று. எல்லா எக்ஸ்டென்ஷனும், அதாவது ஒவ்வொரு மேசை போனின் உள் எண்ணும், திரையில் தெரிகிறது. ஆனால் ஒரு போன்கூட இணையவில்லை. பெரும்பாலும் காரணம் இதுதான்: போன்கள் சர்வரோடு பேசுவதற்கு ஆஸ்டரிஸ்க்கில் இரண்டு பாதைகள் இருந்தன, பழையது சான்சிப், புதியது பிஜேசிப். 2023-ல் வந்த ஆஸ்டரிஸ்க் 21-லிருந்து சான்சிப்பை அடியோடு எடுத்துவிட்டார்கள். உங்கள் எக்ஸ்டென்ஷன்கள் அந்தப் பழைய பாதையில் இருந்தால், புது வீட்டில் அவற்றுக்கு வாசலே கிடையாது.

பிஜேசிப்புக்கு மாற்றும் வசதி ஃப்ரீபிபிஎக்ஸிலேயே இருக்கிறது. அதைப் புது சர்வரில் வைத்துச் செய்வதுதான் தவறு என்பேன். பழைய சர்வரில் இரண்டு பாதையும் உயிரோடு இருக்கும்போதே, மாற்றும் நாளுக்கு ஒரு வாரம் முன்னால், ஐந்து ஐந்து போனாக மாற்றுங்கள். ஏதாவது ஒரு பழைய போன் முரண்டு பிடித்தால் அதை மட்டும் திரும்பப் பழைய பாதையில் விட்டுவிட்டு யோசிக்க நேரம் கிடைக்கும். போர்ட் எண்ணையும் பாருங்கள். பல சர்வர்களில் சான்சிப் 5160-லும் பிஜேசிப் 5060-லும் இருக்கும். இன்னும் பழையவற்றில் சான்சிப்பே 5060-ல் உட்கார்ந்திருக்கும். போனுக்குள் எந்த எண் எழுதியிருக்கிறதோ அந்தக் கதவைத்தான் அது தட்டும். சர்வரில் மாற்றிவிட்டுப் போனில் மாற்றாமல் விட்டால், நாற்பது மேசைக்கு நடந்து போய்க் கையால் மாற்ற வேண்டிவரும். நடந்திருக்கிறேன்.

அதே ஆஸ்டரிஸ்க் 21-ல் மேக்ரோ என்ற பழைய கட்டளையும் போய்விட்டது. யாரோ ஒருவர் எப்போதோ உங்களுக்காகத் தனியாக எழுதிக்கொடுத்த டயல் விதிகள் இருந்தால், அதில் மேக்ரோ என்று வரும் இடங்களை எல்லாம் கோசப் என்ற கட்டளைக்கு மாற்றி எழுத வேண்டும். அழைப்பு விவரத்தை எடுத்து எக்ஸெலில் போடும் சின்ன பிஹெச்பி நிரல் ஏதாவது ஓடினால் அதையும் முன்கூட்டியே ஓட்டிப் பாருங்கள். ஃப்ரீபிபிஎக்ஸ் 16-ல் இருந்தது பிஹெச்பி 7.4, 17-ல் இருப்பது 8.2.

அக்காவைக் கேட்காமல் ஆரம்பிப்பது

என்னைக் கேட்டால் இதுதான் எல்லாவற்றிலும் பெரிய தவறு. சர்வரின் செட்டிங் பக்கத்தைப் பார்த்துப் பட்டியல் எடுத்துவிட்டால் எல்லாம் தெரிந்துவிட்டது என்று நினைப்போம். அலுவலகத்தின் போன் பழக்கம் அந்தப் பக்கத்தில் பாதிதான் இருக்கும். மீதி, முன்னறையில் போன் எடுக்கும் அக்காவின் தலைக்குள் இருக்கிறது.

மண்ணடியில் ஒரு இரும்பு வியாபார அலுவலகம். முந்தின நாள் முழுக்க அந்த அக்காவின் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தேன். முதல் ஒரு மணி நேரத்திலேயே செட்டிங்கில் இல்லாத மூன்று விஷயம் கிடைத்தது. பாய் தொழுகைக்குப் போனால் அக்கா ஒரு ஸ்டார் கோடு அடித்து அவர் லைனைத் தம்பி பக்கம் திருப்பிவிடுவார். அந்தக் கோடு புதியதில் வேறாக இருக்கலாம். மணலி குடோனில் வாட்ச்மேன் அறையில் ஒரு சாதாரண வயர் போன் இருக்கிறது, அதை இணைப்பது ஒரு தீப்பெட்டி சைஸ் கன்வெர்ட்டர் பெட்டி. "அது எங்கக்கா இருக்கு?" என்று கேட்டேன். "மீட்டர் பாக்ஸ் மேல. அதுக்கு பாஸ்வேர்டு தெரிஞ்ச பையன் துபாய் போயிட்டான்" என்றார். அந்தப் பெட்டிக்குள் பழைய சர்வரின் ஐபி முகவரி எழுதப்பட்டிருக்கும். புது சர்வருக்கு வேறு ஐபி கொடுத்திருந்தால், ராத்திரி லாரி வந்து நிற்கும்போது குடோன் போன் ஊமையாக இருந்திருக்கும். அங்கே புது சர்வருக்குப் பழைய ஐபியையே கொடுத்தேன். முடிந்தால் நீங்களும் அப்படியே செய்யுங்கள். பாதித் தலைவலி அதிலேயே போய்விடும்.

மூன்றாவது விஷயம் இன்னும் சுவாரஸ்யமானது. அந்த அலுவலகத்தில் யாரும் மொபைலுக்கு முன்னால் 0 போடுவதில்லை. 2021 ஜனவரி 15 முதல் லேண்ட்லைனிலிருந்து மொபைலுக்குப் பேச 0 சேர்த்துத்தான் அடிக்க வேண்டும். பத்து எண் அடித்தாலும் தானாக 0 சேர்க்கும் விதி ஒன்றை அப்போது யாரோ சர்வரில் எழுதி வைத்துவிட்டார்கள். ஊழியர்களுக்கு அப்படி ஒரு சட்டம் இருப்பதே தெரியாது. அந்த விதியை விட்டுவிட்டு மாற்றினால், லேண்ட்லைனுக்குப் போகும், மொபைலுக்குப் போகாது, 'லைன்ல கோளாறு' என்று ஆபரேட்டர் கம்பெனியோடு நாள் முழுக்கச் சண்டை நடக்கும். ஆகவே சோதிக்கும்போது ஒரு மொபைல், ஒரு சென்னை எட்டு இலக்க எண், ஒரு வெளியூர் எஸ்டிடி, ஒரு 1800 எண் என்று எல்லா வகையும் அடித்துப் பாருங்கள்.

இரண்டு சர்வரும் சேர்ந்து விழித்திருப்பது

பேக்கப்பை மீட்டால் ட்ரங்கும் சேர்ந்தே மீளும். ட்ரங்க் என்றால் வெளி லைன் கொடுக்கும் கம்பெனியோடு உள்ள இணைப்பு. புது சர்வரை 'சும்மா டெஸ்ட் பண்ணலாம்' என்று நெட்டில் போட்டதும், அதே பெயர், அதே பாஸ்வேர்டோடு அதுவும் போய்ப் பதிந்துகொள்ளும். பழையதும் பதியும். கடைசியாக யார் பதிந்தார்களோ அங்கே அழைப்பு போகும். ஒரு கால் மேசைக்கு வரும், அடுத்த கால் யாரும் இல்லாத டெஸ்ட் மிஷினுக்குப் போகும். பகல் முழுக்க 'சில சமயம் ரிங் வருது, சில சமயம் வரல' என்று புகார். பிடிபடாத கோளாறுகளில் இது முதல் ரகம். மீட்டு முடித்த கையோடு ட்ரங்குகளை முடக்குங்கள். அதுவரை நெட் கேபிளைச் செருகாதீர்கள்.

போன்களிலும் இதே கதை உண்டு. பல போன்கள் மணிக்கு ஒரு தடவைதான் சர்வரிடம் தன்னைப் பதிந்துகொள்ளும். முந்தின நாளே அந்த இடைவெளியை இரண்டு நிமிடமாகக் குறைத்து வைத்தால், மாற்றியதும் எல்லாம் சட்டென்று புதியதற்கு வந்துவிடும். எல்லாம் நிலையான பிறகு பழையபடி கூட்டிவிடலாம்.

ரிங் வருகிறது, எடுத்தால் ஒரு பக்கக் குரல் மட்டும் கேட்கிறது என்றால் ரவுட்டரைப் பாருங்கள். சிப் ஏஎல்ஜி (SIP ALG) என்ற வசதி அதில் இருந்தால் அணைத்துவிடுங்கள். குரல் போகும் 10000 முதல் 20000 வரையிலான யுடிபி போர்ட்டுகள் புது மிஷினை நோக்கித் திருப்பப்பட்டிருக்கின்றனவா என்றும் பாருங்கள். பத்தில் எட்டு தடவை அதோடு முடிந்துவிடும்.

அழைப்புகளின் ஒலிப்பதிவை நகர்த்துவதைக் கடைசி ராத்திரிக்கு வைப்பது இன்னொரு தவறு. கணக்கைப் பாருங்கள். சாதாரண வேவ் பதிவு நிமிடத்துக்குச் சுமார் 1 எம்பி. பத்து லைன், ஒவ்வொன்றும் நாளைக்கு மூன்று மணி நேரம் பேச்சு என்றால் 1800 நிமிடம், அதாவது நாளுக்கு ஏறக்குறைய 1.7 ஜிபி. வருடத்தில் 300 வேலை நாளுக்கு 500 ஜிபியைத் தாண்டும். அலுவலகத்தில் இருக்கும் பழைய 100 எம்பிபிஎஸ் ஸ்விட்ச் வழியாக அதை நகர்த்தப் பன்னிரண்டு மணி நேரத்துக்குக் குறையாது. ஒரு வாரம் முன்பே நகலெடுக்க ஆரம்பித்து, மாற்றும் நாளில் புதிதாகச் சேர்ந்ததை மட்டும் எடுங்கள்.

பழைய பாவத்தை அப்படியே சுமந்து போவதும் உண்டு. எக்ஸ்டென்ஷன் 101, பாஸ்வேர்டு 101. பேக்கப்பில் அதுவும் சேர்ந்தே வரும். புது மிஷினில் ஃபயர்வாலை 'அப்புறம் பார்க்கலாம்' என்று விட்டால், இந்த மாதிரி பாஸ்வேர்டைத் தேடியே இரவும் பகலும் இணையத்தைத் தட்டிக்கொண்டிருக்கும் நிரல்கள் சனி ராத்திரிக்குள் கண்டுபிடித்துவிடும். திங்கள் காலையில் பெயர் கேள்விப்படாத நாடுகளுக்கு ஐஎஸ்டி பில் வந்து நிற்கும். வீடு மாறும் நாள்தான் பூட்டை மாற்ற நல்ல நாள்: எல்லா பாஸ்வேர்டையும் மாற்றுங்கள், ஐஎஸ்டி தேவைப்படாதவர்களுக்கு அடைத்துவிடுங்கள்.

காசிமேடு பக்கம் மீன் ஏற்றுமதி அலுவலகம் ஒன்றில் பழைய மிஷினைத் திறந்தபோது, உள்ளே பிஆர்ஐ (ஒரே கேபிளில் பல வெளி லைன் வரும் இணைப்பு) கார்டின் கால்கள் உப்புக்காற்றில் பச்சை பூத்திருந்தன. முப்பது சேனல் பிஆர்ஐ லைன் அந்தக் கார்டு வழியாகத்தான் உள்ளே வந்தது. வாங்கி வைத்திருந்த புது மிஷினோ சாப்பாட்டு டப்பா சைஸ். கார்டு செருக இடமே இல்லை. கார்டுக்குப் பதிலாக வெளியே வைக்கும் ஒரு பிஆர்ஐ கேட்வே பெட்டி வந்து சேரும்வரை வேலை ஒரு வாரம் தள்ளிப்போனது. மிஷின் வாங்கும் முன் பழையதைத் திறந்து பார்க்க ஐந்து நிமிடம்கூட ஆகாது.

'பிஆர்ஐயே வேண்டாம், வேறு கம்பெனியின் இணையவழி சிப் (SIP) லைன் மலிவு' என்று அங்கே பேச்சு வந்தது. மலிவுதான். ஆனால் மொபைல் நம்பரைப் போல லேண்ட்லைன் நம்பரை வேறு கம்பெனிக்குத் தூக்கிக்கொண்டு போக நம்மூரில் வழியில்லை. 044-25 என்று ஆரம்பிக்கும் அந்த நம்பர் ஷட்டரில் இருக்கிறது, பில் புக்கில் இருக்கிறது, ஆண்டர்சன் தெருவில் அச்சடித்த லெட்டர்பேடில் இருக்கிறது, முப்பது வருட வாடிக்கையாளரின் டைரியில் இருக்கிறது. லைனைச் சரண்டர் செய்தால் நம்பரும் போகும். பழைய லைனில் ஒன்றையாவது வைத்துக்கொண்டு புது நம்பருக்குத் திருப்பிவிடுங்கள் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

நாள் குறிப்பதில் ஆளுக்கொரு கணக்கு. மண்ணடி பாய், "வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்கு எல்லாரும் பள்ளிக்குப் போயிருவாங்க, அந்த நேரத்துல மாத்திக்கலாமே தம்பி" என்றார். ஒன்றரை மணி நேரம் போதாது. ஏதாவது தப்பினால் பின்வாங்கவே அவ்வளவு நேரம் வேண்டும். தம்புச் செட்டித் தெரு முதலாளிக்கு ஞாயிறு மாலை 4.30 முதல் 6 வரை ராகுகாலம், அப்போது எதையும் 'ஆன்' செய்யக் கூடாது. எனக்கு அதில் ஒன்றும் நஷ்டமில்லை. அந்த ஒன்றரை மணி நேரத்தில் பேக்கப்பை இன்னொரு டிஸ்க்கில் எடுத்துத் திறந்து பார்த்தேன். நான் ஒத்துக்கொள்ளாத நாள் மாதக் கடைசி மட்டும்தான், அதிலும் மார்ச் கடைசி வாரம் கிட்டவே வரக் கூடாது.

பழைய சர்வரை எப்போது தூக்குவது? ஒரு மாதமாவது அணைத்து வையுங்கள், டிஸ்க்கைத் துடைக்காதீர்கள், சிசிடிவிக்குத் தேவை என்று கழற்றவும் விடாதீர்கள். ஓர் இடத்தில் பன்னிரண்டாம் நாள் ஒரு பார்ட்டியோடு விலைத் தகராறு, பழைய ஒலிப்பதிவு ஒன்று வேண்டும் என்றார்கள். புதியதில் அந்த மாதம் மட்டும் விடுபட்டிருந்தது. பழைய மிஷினைத் தேடினால் மேசைக்கடியில் காணோம். ஆபீஸ் பையன் காயலான் கடையில் எடைக்குப் போட்டுவிட்டான். ஓடிப் போய்த் தொள்ளாயிரம் ரூபாய் கொடுத்துத் திரும்ப வாங்கினேன், நல்லவேளை டிஸ்க் உள்ளேயே இருந்தது. நான் எழுதி ஒட்டிய 'தொடாதீர்கள்' சீட்டும் மேலேயே இருந்தது, அதோடு சேர்த்துத்தான் எடை போட்டிருக்கிறார்கள்.