பைத்தான் பில்ட் ஆச்சு, எஸ்எஸ்எல் மட்டும் வரல: என் அனுபவம்

டெபியன் 12 லினக்ஸ்ல பைத்தான் 3.12 வேணும்னு சோர்ஸ் கோடை எடுத்து நானே பில்ட் பண்ண கான்ஃபிகர், மேக் கமாண்ட் எல்லாம் ஓட்டினேன், எரர் ஒண்ணும் வரல, இன்ஸ்டாலும் ஆயிடுச்சு, ஆனா பிப் (பைத்தான் பேக்கேஜ் இறக்குற டூல்) வச்சு எதை இறக்கப் போனாலும் எஸ்எஸ்எல் மாட்யூல் (பாதுகாப்பான நெட் இணைப்புக்கானது) இல்லைன்னு நின்னுடுச்சு. மேக் அவுட்புட்டை திரும்ப மெதுவா படிச்சப்பதான் கடைசில ஒரு சின்ன பட்டியல் கண்ணுல பட்டுச்சு, எஸ்எஸ்எல், சிடைப்ஸ், எஸ்கியூலைட்3 இந்த மாட்யூல் எல்லாம் பில்ட் ஆகலன்னு. லைப்ரரி இல்லேன்னாலும் பில்ட் நிக்காது, அந்த மாட்யூலை விட்டுட்டு போயிடும்.

எஸ்எஸ்எல் மாட்யூலுக்கு வேண்டிய லைப்ரரி ஓப்பன்எஸ்எஸ்எல்தான் ஏற்கனவே மெஷின்ல இருக்கேன்னு ரொம்ப நேரம் குழம்பினேன். அது ஓடுறதுக்கான பேக்கேஜ் மட்டும்தான், கம்பைல் பண்ண அந்த லைப்ரரியோட ஹெடர் ஃபைல் (அதுல என்னென்ன ஃபங்ஷன் இருக்குன்னு கம்பைலருக்கு சொல்ற ஃபைல்) வேணும், டெபியன்ல அது 'டெவ்'னு முடியுற தனி பேக்கேஜ்ல இருக்கும். லிப்எஸ்எஸ்எல்-டெவ், லிப்எஃப்எஃப்ஐ-டெவ், லிப்எஸ்கியூலைட்3-டெவ் மூணையும் போட்டேன், முறையே எஸ்எஸ்எல், சிடைப்ஸ், எஸ்கியூலைட்3 மாட்யூலுக்கு. எந்த ஹெடர் எதுல இருக்குன்னு தெரியலன்னா ஆப்ட்-ஃபைல் சர்ச்சுக்கு ஃபைல் பேரை குடுங்க, சொல்லிடும், அருமையான டூல்.

முக்கியமா பழைய பில்ட் மேலயே மேக் ஓட்டாதீங்க, மேக் டிஸ்ட்கிளீன் குடுத்து பழைய பில்ட் ஃபைலை எல்லாம் அழிச்சுட்டு கான்ஃபிகரை முதல்ல இருந்து ஓட்டணும். இன்ஸ்டால் பண்ண மேக் இன்ஸ்டாலுக்கு பதிலா மேக் ஆல்ட்இன்ஸ்டால் குடுங்க, அப்பதான் டெபியனோட வர்ற சிஸ்டம் பைத்தானை மறைக்காது. இப்ப இம்போர்ட் எஸ்எஸ்எல் போட்டா எரர் இல்ல, பிப்பும் நல்லா ஓடுது.