கிணற்றடியிலிருந்து தொடங்குவோம்: புதிய பன்னம் ஒன்றை விவரித்து எழுதுவது எப்படி?

திருகோணமலை வெயிலில் இருந்துகொண்டு பன்னத்தைப் (fern) பற்றி என்ன எழுத்து என்று கேட்பவர்களுக்கு ஒரு பதில் வைத்திருக்கிறேன். அம்மம்மா வயலோரத்தில் ஆய்ந்துவந்து சுண்டுகிற ஆரைக்கீரையும் பன்னம்தான். பூக்காது, காய்க்காது, விதைக்குப் பதில் தூசுபோன்ற வித்தியால் பெருகும். அரிய இனங்களைத் தேடுவதென்றால் நக்கிள்ஸ், ஹோர்ட்டன் சமவெளி போன்ற ஈர மலைக்காடுகளுக்குத்தான் ஏறவேண்டும். பன்னத்தின் ஆண் புணரி, அதாவது ஆண் இனப்பெருக்கக் கலம், நீரில் நீந்தித்தான் முட்டையைச் சேரும். ஈரம் வற்றாத காடு அதற்கு வசதி. ஆனால் கைப்பழக்கத்துக்கு வீட்டுக் கிணற்றடி போதும்.

படி 1: அடியையும் முதுகையும் பாருங்கள்

அனுமதியோடு போன ஒரு கள ஆய்வில் 'புதுசு' என்று நினைத்து மூன்று இலைகளைக் கொண்டுவந்தேன். பன்னம் தெரிந்த பெரியவர் ஒருவர் இலையைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "தம்பி, இது சமைக்கவோ கொண்டுவந்தனீர்?" என்றார். அடியில் வேர்த்தண்டு (வேர்விடும் கிடைத்தண்டு) இல்லை, இலையின் முதுகில் வித்திக்கலன் குவைகளும் (வித்தி உண்டாகும் சிறு பைகளின் கூட்டங்கள்) இல்லை. பன்னத்தை இனங்காட்டுவது பெரும்பாலும் இந்த இரண்டும்தான். இளஞ்செடியின் இலை ஒரு வடிவம், முதிர்ந்ததன் இலை வேறொரு வடிவம் என்று ஏமாற்றவும் கூடும்.

படி 2: கீழிருந்து மேலே எழுதுங்கள்

வேர்த்தண்டு, செதில், காம்பு, இலைப்பரப்பு, சீறிலை (இலை பிரிந்த சிறு துண்டு), நரம்பு, குவை, வித்தி. இந்த ஒழுங்கை மாற்றவேண்டாம். மற்ற இனங்களோடு வரிக்கு வரி ஒப்பிட இதுதான் உதவும். எங்கள் கிணற்றுச் சுவரின் சுண்ணாம்பு வெடிப்பில் நிற்கிற தெரிஸ் விட்டாட்டா (Pteris vittata) என்ற பன்னத்தை வைத்து நான் எழுதியது இது:

"வேர்த்தண்டு குட்டை, நுனியில் வெளிர்பழுப்புச் செதில்கள். இலை 46 செ.மீ. நீளம், ஒருமுறை சிறகுபோல் பிரிந்தது. சீறிலைகள் ஒடுங்கி நீண்டவை. அடிநோக்கிச் சிறுத்துப்போகும், நுனிச் சீறிலையே நீளமானது. குவைகள் விளிம்போடு கோடாக ஓடும். மடிந்த விளிம்பு அவற்றை மூடும். குவை இல்லாத விளிம்பு அரம்போல் பல்லுள்ளது."

'அழகான', 'பெரிய' என்ற சொற்கள் ஒன்றுகூட இல்லை என்பதைக் கவனியுங்கள். அளவுகோலும் பத்து மடங்கு பெருக்கும் கைவில்லையும்தான் இங்கே பேசவேண்டும். ஒரு செடியோடு நிற்காமல் பல செடிகளை அளந்து, சிறியது முதல் பெரியது வரை வீச்சைக் கொடுங்கள். (இந்தச் செடி மண்ணிலுள்ள ஆர்சனிக்கை உறிஞ்சிச் சேர்ப்பது 2001இல் தெரியவந்தது. கிணற்றடியில் சும்மா நிற்கிற ஆள் இல்லை.)

படி 3: பழையது அல்ல என்று காட்டுங்கள்

வேலையின் முக்கால்வாசி இதுதான். வித்தி தூசுபோலக் காற்றில் போகும். ஆகவே நமக்குப் புதியதாகத் தெரிவது மேற்குத் தொடர்ச்சி மலையில் எப்போதோ பெயரிடப்பட்டதாக இருக்கலாம். இலங்கைத் தாவரங்களுக்கான திருத்திய கைந்நூலின் 15ஆம் தொகுதி பன்னங்களுக்கானது. அதில் தொடங்கித் தென்னிந்தியப் பட்டியல்களுக்குப் போங்கள். பேராதனையிலுள்ள தேசிய உலர்தாவரகத்தில் (உலர்த்திய செடிகளைச் சேர்த்துவைக்கும் இடம்) பழைய மாதிரிகளோடு நேரிலும் ஒப்பிடுங்கள். பிறகு ஒரு பந்தியில், மிக நெருங்கிய இனத்திலிருந்து உங்களுடையது எந்த இரண்டு மூன்று குணங்களால் வேறுபடுகிறது என்று எழுதுங்கள். செதில் நிறம் மட்டும் வேறு என்றால் நான் நம்பமாட்டேன். நிழலும் வெயிலும் அதை மாற்றும்.

படி 4: மாதிரி

காட்டில் கைவைக்குமுன் வனத் திணைக்களத்திடமோ வனசீவராசிகள் திணைக்களத்திடமோ எழுத்தில் அனுமதி வேண்டும். செடி நாலைந்துதான் என்றால் பிடுங்காதீர்கள். குவையுள்ள ஓர் இலை, வேர்த்தண்டின் சிறு துண்டு, நிறையப் படங்கள் போதும். பழைய பேப்பருக்குள் விரித்து, ஓர் இலைத்துண்டை முதுகு தெரியத் திருப்பிவைத்து, மேலே செங்கல் ஏற்றுங்கள். கச்சான் காற்றுக் காலத்தில் எங்கள் வீட்டில் இரண்டு மூன்று நாளில் காய்ந்துவிடும். மாரியில் பேப்பரைத் தினமும் மாற்றாவிட்டால் பூஞ்சணம்தான் மிஞ்சும்.

படி 5: பெயர்

பெயர் இலத்தீன் வடிவில் இருக்கவேண்டும். விவரிப்பு 2011 முடியும்வரை இலத்தீனில் கேட்கப்பட்டது; 2012 ஜனவரி 1 முதல் ஆங்கிலமும் செல்லும். பெயரைச் சுமக்கும் ஒரே மாதிரியைக் குறிப்பிட்டு, அது எந்த உலர்தாவரகத்தில் இருக்கிறது என்றும் எழுதவேண்டும். இல்லையேல் பெயர் செல்லுபடியாகாது. உங்கள் சொந்தப் பெயரை வைக்கப் பெயரிடல் விதிகளில் தடையில்லை, ஆனால் சிரிப்பார்கள்.

'மிக அரிது' என்று எழுதாமல், ஓடைக்கரையில் ஏழு செடி கண்டால் ஏழு என்றே எழுதுங்கள். மலைத்தொடரின் பெயரும் உயரமும் கட்டுரையில் வரட்டும். ஜிபிஎஸ் எண்களைத் துல்லியமாக அச்சிடவேண்டாம்; செடி சேகரித்து விற்பவர்களும் அதை வாசிப்பார்கள்.